பச்சைப் பட்டை

ஏ தாயி, சொந்தப் பேத்தி வேல பாக்குற ஆஸ்பத்திரியில, கடைசியாப் பாக்குறவுகளுக்குக் கட்டுற பச்சைப் பட்டையா எனக்கு! கால்ல கருவேல முள்ளு ஏறி, நொண்டி நொண்டி விடியக்கால பஸ் புடிச்சு வந்தவன். சிவப்பு வேண்டாம், ஒரு மஞ்சளாவது கட்டியிருக்கலாம். வாசல்ல பெருசா அவசர சிகிச்சை 'தாய் வார்டு'ன்னு போர்டு மட்டும் இருக்கு.

சரி, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நீ இப்பத்தான் டூட்டிக்கு வந்தே. எனக்குப் பட்டை கட்டுனது ராத்திரி ஷிப்ட்டுப் பிள்ள. பாவம், ஒத்தையா நின்னு கண்ணு செவந்து கெடந்தா. ஒரு சீட்டு எழுதுறதுக்குள்ள டோக்கன் எங்க, கக்கூஸ் எங்க, செருப்பக் காணோம்னு ஒம்பது பேரு. மூச்ச எண்ண நேரம் ஏது? பக்கத்துல உள்ளவுக சீட்டெல்லாம் எட்டிப் பாத்தேன். அவனுக்கு 20, இவளுக்கு 20, எனக்கும் 20. ஊரே சேந்து ஒரே மூச்சா விடுது! நீயும் அப்படிப் பழகிக்க. முழுசா ஒரு நிமிசம் நெஞ்சைப் பாத்து எண்ணிக்கிட்டு நின்னா, பொழைக்கத் தெரியாதவன்னுதான் சொல்லுவாக.

இன்னும் கேளு. பெருசாக் கத்துறவனுக்கு மொதல்ல பாரு. கரை வேட்டி வந்தா எந்திரிச்சு நின்னு பாரு. எல்லாருக்கும் சிவப்பே கட்டிட்டா சண்டையே வராது. கட்டில் பத்தலைன்னா அது டாக்டரு பாடு. நெப்போலியன் பட்டாளத்துல லாரேன்னு ஒரு வைத்தியர், பதவியப் பாக்காம காயத்தப் பாத்து ஆளப் பிரிச்சாருன்னு நீ படிக்கையில சொன்னியே? அவரு நம்ம ஒன்றியக் கவுன்சிலரைப் பாத்ததில்ல, தாயி.

நான் 50 வருசம் ஆடு மேய்ச்சவன். கத்துற ஆட்டுக்குக் கவலப்பட்டதில்ல. காதைத் தொங்கப்போட்டு மூலையில ஒதுங்கி நிக்கிறதத்தான் மொதல்ல தூக்குவேன். இப்ப ஒரு பய வந்தானே, தரையில படுத்திருந்தானாம், விடியக்கால வயித்து வலி, கண்ணு சொருகுது. கடிவாயும் இல்ல, வீக்கமும் இல்ல. பச்சையக் கட்டி எம்பக்கத்துல ஒக்கார வச்சிருந்தா எனக்குப் பேச்சுத் துணையாச்சு. நீ எமையப் பாத்துட்டு, கட்டுவிரியனா இருக்கும்னு உள்ள தள்ளிக்கிட்டு ஓடுற! கேட்டா, பெரிய சிஸ்டர் போன வருசம் ஒரு ஆளக் காட்டிச் சொல்லிக் குடுத்ததுங்கிற. அந்தம்மாவத்தான் கண் வார்டுக்கு மாத்திட்டாகளாமே. நல்ல காரியம். பழகுன கையி ஒரே எடத்துல இருந்தா வேல சீக்கிரம் முடிஞ்சுருமுல்ல.

அந்தப் பய பொழச்சானான்னு உனக்கு யாரு வந்து சொல்லுவா? கம்பங்கொல்லையில கவண் எறியிறவன், கல்லு எங்க விழுந்துச்சுன்னு பாத்துத்தான் அடுத்த கல்ல எடுப்பான். உங்களுக்கு எறியிறதோட சரி. நாளைக்கு வார்டுக்குப் போயிக் கேட்டேன்னு வையி, 'ஒனக்கு வேற சோலி இல்லையா'ம்பாக. கேக்காத. அடுத்த வட்டமும் கண்ண மூடிக்கிட்டே எறி.

அட, நான் பாட்டுக்குப் பேசுறேன், நீ என்ன எம் மூஞ்சியவே பாக்குற? வேர்வையா? பஸ்ஸ்டாண்டுல இருந்து நடந்தேன்ல. மூச்சு வாங்குறதும் அதுதான். நெஞ்சு கரிக்கிறது ராத்திரித் தின்ன காராச்சேவு. வலியெல்லாம் இல்ல தாயி. சீனி வியாதி 15 வருசமா இருக்கு, அதுக்கு இப்ப என்ன?... ஏய், சட்டைய எதுக்குக் கழட்டுற? ஈசிஜியா? வந்த 10 நிமிசத்துல எடுத்திருக்கணுமா? தள்ளுவண்டி வேறயா! அந்தப் பச்சைய ஏன் பிய்க்கிற?

தாயி, கால்ல முள்ளு அப்படியே இருக்கு!