பெருக்கற்குறி சாஸ்திரம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

கைப்பேசியில் விளம்பரம் தோன்றும்போதெல்லாம் அதன் வலது மேல் மூலையில் ஈயின் காலளவில் ஒரு பெருக்கற்குறி இருப்பதை உலகம் அறியும்; அறிந்திருந்தும், ஒரு சூத்திரத்தில் வரும் ஒற்றை உம்மைக்கு உரை காண ஆயுளையே செலவிட்ட நம் வித்துவான்களில் ஒருவரேனும் இக்குறியைப் பற்றி ஒரு வரி எழுதினாரில்லை. அந்தக் குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் ஓய்வூதியத்தில் காலட்சேபம் செய்யும் அடியேன் இவ்வாராய்ச்சியை மேற்கொள்ளலானேன். பிழை இருப்பின் அறிஞர் பொறுப்பார்கள் என்று சொல்வது மரபு. பொறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆதாரங்கள் இரண்டு. ஒன்று என் கைப்பேசி. மற்றொன்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் ஏடு. இது பி-தொகுதிப் பிரதி, சி-தொகுதிப் பிரதி என இரு வழியில் கிடைக்கிறது. பி-பிரதியில் ‘இந்த லிங்கைத் தொடாதீர்கள்’ என்றுள்ள வாசகம் சி-பிரதியில் ‘தொடுங்கள்’ என்று காணப்படுவதால், பாடபேதம் வெறும் அச்சு விவகாரமாக நில்லாமல் வங்கிக் கணக்கு வரை செல்லுகிறது. எல்லாச் செய்திகளின் தலையிலும் ‘வந்தபடியே அனுப்புகிறேன்’ என்ற முத்திரை இருப்பதைக் கொண்டு, அப்பெயருடைய புலவர் ஒருவரே இத்தனையும் இயற்றினார் என்பது ஒரு கட்சி. அப்பெயரில் வெவ்வேறு காலங்களில் பலர் இருந்தனர் என்பது மறு கட்சி. ஔவையார் விஷயத்தில் நடந்ததெல்லாம் இங்கும் நடக்கிறது.

இனிக் குறியின் பூர்வோத்தரம். வில்லியம் ஆட்ரெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1631இல் வெளியிட்ட கணித நூலில் இக்குறியைப் பெருக்கலுக்கு வழங்கினார். 1994 அக்டோபர் 27ஆம் தேதி ஹாட்வயர்ட் என்னும் இணைய இதழில் முதல் பட்டை விளம்பரம் தோன்றியது. சில ஆண்டுகளில், படிக்கும் பக்கத்தின் மேல் தானாகத் துள்ளி விழும் பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈதன் சக்கர்மன், 2014இல் அதற்காக உலகத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். விளம்பரத் துறையில் மன்னிப்புக் கேட்டவர் என்ற முறையில் அவர் தனித்து ஆராயத் தக்கவர். ஒரு விளம்பரத்தை மூடினால் அது இரண்டாகவும், இரண்டை மூடினால் நான்காகவும் ஆவதேன் என்று வியப்போர் ஆட்ரெட்டைப் படியாதவர்கள். குறி தன் பழைய தொழிலைத்தான் செய்கிறது.

பெருக்கற்குறி ஐவகைப்படும்: தோன்றாக்குறி, தாழ்குறி, ஓடுகுறி, பொய்க்குறி, மெய்க்குறி என. இவற்றுள் தோன்றாக்குறியாவது தோன்றாதது. தாழ்குறியாவது ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி முடிந்தபின் எழுந்தருளுவது; 2010இல் யூடியூப் ஐந்து விநாடிக்குப் பின் விளம்பரத்தைத் தாண்டிச் செல்ல வழிவிட்ட நாள் தொட்டு, மனித குலம் ஐந்து வரை எண்ணுவதில் அபாரத் தேர்ச்சி பெற்றிருக்கிறது. ஓடுகுறியாவது விரல் இறங்கும் கணத்தில் பக்கம் சற்றே நழுவ, தானும் நழுவுவது. மெய்க்குறிக்கு உதாரணம் கிடைத்திலது.

எஞ்சியது பொய்க்குறி. இதுவே இந்தச் சாஸ்திரத்தின் உயிர்நிலை. குறிபோலத் தோன்றி, குறியாக இராமல், விளம்பரச் சித்திரத்தின் ஓர் அங்கமாகவே வரையப்பட்டு, மூடுவதற்காகத் தொட்டவனை விளம்பரத்தின் கர்ப்பக்கிருகத்துக்கே அழைத்துச் செல்வது பொய்க்குறி எனப்படும். ஞாயிறன்று காலை ராகுகாலம் பார்க்கக் கைப்பேசியைத் திறந்தேன். தேவனஹள்ளியில் விமான நிலையத்துக்கு அருகில் வில்லா மனை என்று ஒரு சித்திரம் திரையை மறைத்தது. மூலையில் இருந்த குறியைத் தொட்டேன். நீச்சல் குளமும் அதன் கரையில் சிரித்தபடி நிற்கும் ஒரு குடும்பமும் திறந்துகொண்டன. காபி ஆறுவதற்குள் அழைப்பு வந்தது. ‘குட் மார்னிங் சார், தேவனஹள்ளி பிராஜெக்ட்ல இன்ட்ரஸ்ட் காட்டியிருக்கீங்க’ என்றது ஒரு பெண்குரல். ‘அம்மா, நான் மூடத்தானே தொட்டேன், என் நம்பர் உங்களுக்கு எப்படி வந்தது?’ என்றேன். ‘சிஸ்டத்துல இருக்கு சார்’ என்றாள். வேதாந்திகள் பிரம்மத்தைப் பற்றிச் சொல்லத் தயங்கும் அளவு தெளிவான விடை.

இவ்விடத்தில் உரைகாரர்கள் மூவகையாகப் பிரிகின்றனர். பிழை கட்டைவிரலுடையது என்பது பூர்வபட்சம். ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு நெறி, விரலால் தொடும் பொத்தான் நீள அகலம் 44 புள்ளிக்குக் குறையலாகாது என்கிறது. கூகுளின் நெறி 48 என்கிறது. அப்படியிருக்க, ‘வாங்கு’ என்னும் பொத்தான் ஊஞ்சல் பலகையளவும் மூடும் குறி கடுகளவும் இருப்பது விரலின் பிழையாகாது என்று பி-பிரதியின் மூன்றாம் மாடி உரைகாரர் இதனை மறுத்தார். அவர் மறுப்பை, ‘மூக்குக்கண்ணாடியை மாற்றுக’ என்று இரண்டே சொற்களாலான சூத்திரத்தால் சி-பிரதியின் தரைத்தள உரைகாரர் கண்டித்தார். அக்கண்டனத்துக்கு எழுந்த கண்டனம், நடுவில் ஒருவர் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டமையால் சிதைந்து, முதலும் ஈறுமின்றி, கூப்பிய கை ஒன்றும் கோப முகம் இரண்டுமாகிய குறிப்புகளோடு மட்டும் இன்று கிடைக்கிறது. அவ்விரண்டு முகங்களுள் ஒன்று இடைச்செருகல் என்பது என் துணிபு.

இந்த வாதங்களுக்கெல்லாம் மேலான ஒரு பிரமாணம் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதியிட்ட அறிவிக்கையில், இணைய வணிகர் கையாளும் கபடங்களைப் பதின்மூன்றாக வகுத்து, கூடையில் கேளாப் பொருளைச் சேர்த்தல், சந்தாப் பொறியில் சிக்கவைத்தல், வேண்டாம் என்பவனை வெட்கப்படுத்துதல் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணமும் உதாரணமும் தந்திருக்கிறது. அவ்வுதாரணங்களுள், மூலையிலுள்ள பெருக்கற்குறி விளம்பரத்தை மூடாமல் மற்றொரு விளம்பரத்தைத் திறப்பதும் ஒன்று! அரசாங்க அறிவிக்கையில் இலக்கண நூலார் கண்ணுக்குப் படாத ஒரு நுட்பம் பதிவாகியிருப்பது கண்டு நான் மெய்சிலிர்த்தேன். சிலிர்த்த விரல் திரையில் பட்டு வேறொரு மனை திறந்தது.

இந்நகரில் இவ்வியாதி முற்றியதற்கு ஒரு சரித்திர காரணம் கூறலாம். 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டதும் மாநகராட்சியார் தெருவெங்கும் பதாகைகளை இறக்கினார்கள். இறங்கியவை எங்கே போயின என்று எவரும் கேட்கவில்லை. அவை உள்ளங்கைக்கு ஏறின என்பதே சித்தாந்தம்.

அவற்றுக்கு வழிகாட்டியவர் யார்? நாமேதான். முட்டிவலித் தைலம் வாங்கக் கடைக்குப் போனால், பணத்தை நீட்டுமுன் ‘நம்பர் ஹேளி சார்’ என்கிறார் கல்லாவில் இருப்பவர், தைலத்துக்கும் தொலைபேசிக்கும் யாது சம்பந்தம் என்று கேட்டால், ‘பில் வராது சார்’ என்கிறார், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள், சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என்று 2023 மே மாதத்திலேயே நுகர்வோர் விவகாரத் துறை வணிகர் சங்கங்களுக்கு எழுதியாயிற்று. அந்தக் கடிதம் கல்லா வரை வந்து சேரவில்லை. அதற்கு நம்பர் இல்லை போலும்.

இத்தனைக்கும் அந்தரங்கம் என்னும் உரிமைக்கு ஜன்மபூமி இந்த ஊர்தான் என்று வாதாட இடமுண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்தபின், 2012இல் ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைப் பூரணமாக அனுபவித்தவர் யார் என்று ஆராயப் புகுந்தால், அல்சூர் ஏரிக்கரையில் சிலையாயிருக்கும் திருவள்ளுவர் ஒருவரே தேறுகிறார்: 1991 முதல், 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திரை விலகும் வரை, பதினெட்டு ஆண்டுகள் மூடிய துணிக்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தார். அவரிடம் எவரும் நம்பர் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமாகவும், குறிப்பாகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயமறவும் தரப்படுவதாக இருத்தல் வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறுவோருக்குக் குற்றத்தைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை தண்டம். அறிவிப்பை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் படிக்க வசதி வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. தமிழில் அது வருமாயின் அதற்குப் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை எழுதி ஒரு தலைமுறை முனைவர்கள் பிழைப்பார்கள். படிப்பவன் மட்டும் வழக்கம்போல் ‘சம்மதம்’ என்பதைத் தொட்டுவிட்டு ராகுகாலம் பார்க்கப் போவான்.

இறுதியாக உடைமை விசாரம். என் எண், என் முட்டிவலி, தேவனஹள்ளி மீது எனக்கிருப்பதாகச் சொல்லப்படும் காதல் ஆகிய இவை தொகுக்கப்பட்டு எங்கோ ஒரு பட்டியலில் கிடக்கின்றனவே, அப்பட்டியல் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டியவன் திடுக்கிட்டேன்: கணினித் தரவுத்தளம் உள்ளிட்ட தொகுப்புகளும் அட்டவணைகளும் ‘இலக்கியப் படைப்பு’ என்பதில் அடங்கும் என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. வாழ்நாளெல்லாம் கவிதை எழுதிச் சிறுபத்திரிகையில் கூட இடம்பெறாத நான், என் மூட்டின் வாயிலாக இலக்கியத்தில் நுழைந்துவிட்டேன். வெறும் உழைப்பு போதாது, தொகுப்பில் சிறிதளவு படைப்பாற்றலாவது தென்பட வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சட்ட அறிக்கைகள் பற்றிய ஒரு வழக்கில் கூறியது உண்மையே. ஆனால் எனக்கு நாள்தோறும் பிரசவ கால உடைகளும் முதல் குழந்தைக்குத் தொட்டிலும் சிபாரிசு செய்யும் அப்பட்டியலில் படைப்பாற்றல் இல்லை என்று எந்த நீதிபதி துணிவார்? தாம் விட்ட அச்சுப்பிழை அடுத்தவர் பதிப்பிலும் இருப்பதைக் காட்டி, ஈராயிரம் ஆண்டுப் பழைய செய்யுளின் மேல் உரிமை கொண்டாடிய பதிப்பாசிரியர்களைக் கண்ட நாடு இது; அவர்கள் முன்னிலையில் இந்த உரிமை நிச்சயம் செல்லும்.

பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் ஜனங்களுக்கே பொதுவாக்கியதுபோல் என் மூட்டையும் நாட்டுடைமையாக்கலாகாதா என்று விண்ணப்பிக்க எண்ணினேன். ஆனால் சட்டப்படி நூலாசிரியர் தொகுத்தவரேயன்றி நான் அல்லேன். நான் பாட்டுடைத் தலைவன் மாத்திரமே. பாட்டுடைத் தலைவனுக்குப் புலவர் ஊதியம் தந்ததாகச் சங்க காலம் முதல் ஒரு சான்றும் இல்லை. யானையும் பொற்றாமரையும் தலைவன்தான் புலவருக்குக் கொடுத்திருக்கிறான். மரபு வழுவலாகாது. நானும் கல்லாவின் முன் நின்று, பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, அவர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.