மாகாணத்தின் பெயரில் ஒரு போர் விமானம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய பசியாவரத்தில் உள்ள மாமா அவர்களுக்கு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து மருமகன் வணங்கி எழுதிக்கொள்வது. சீமைக்குப் போன பிள்ளை சம்பளத்தைப் பொம்மை விமானத்தில் கரைக்கிறான் என்று ஊரில் எழுந்துள்ள பேச்சுக்கு முறையான மறுமொழி தேவைப்படுவதால், பொருளின் இலக்கணம், அதன் வரலாறு, செய்முறை, அதனால் விளையும் பயன் என்னும் வரிசையில் இம்மடல் அமைகிறது.

மெய்யான ஒன்றின் எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யப்படுவது அளவு மாதிரி எனப்படும். அதைப் பொம்மை என்று சொல்வது இந்நாட்டின் மாதிரிக் கலைஞர்களிடையே பெரும் பிழையாகக் கருதப்படுகிறது. 1:72 என்னும் விகிதத்தில் ஆறடி மனிதர் ஓர் அங்குலமாகிறார். 1:48 என்னும் விகிதத்தில் ஓர் அடி கால் அங்குலமாகிறது. மருமகனின் மேசையில் தற்போது உருவாகிவரும் போல்டன் பால் டிஃபையன்ட் என்னும் போர் விமானத்தின் மெய்யான இறக்கை விரிவு 39 அடி 4 அங்குலம் என்பதால், 1:48 விகிதத்தில் அது 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. அத்தனை பெரிய விமானம் இத்தனை சிறிய இடத்தில் அடங்குவதைச் சிக்கனம் என்று கொள்வதே முறை.

பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை விட்டு இவ்விமானத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1937 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த டிஃபையன்ட், இதே வுல்வர்ஹாம்ப்டனின் பெண்டஃபர்ட் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. அதில் இருவர் பறப்பர். முன்னே ஓட்டுபவர், பின்னே நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுடன் சுழலும் கண்ணாடிக் கூண்டில் சுடுபவர். முன்னோக்கிச் சுடத் தனித் துப்பாக்கி எதுவும் பொருத்தப்படாததால், எதிரியை நேருக்கு நேர் காண்பவரிடம் துப்பாக்கியும், துப்பாக்கி வைத்திருப்பவரிடம் ஓட்டும் பிடியும் இல்லாத நிலை ஏற்பட்டது. இதையே அக்கால வல்லுநர்கள் புதிய போர்முறை என்று அழைத்தனர். இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதம் பிரான்ஸின் டன்கர்க் வானில், இதைப் பின்னோக்கிச் சுட இயலாத ஹரிகேன் விமானம் என்று எண்ணிப் பின்புறமாகத் தாக்க வந்த ஜெர்மானியர்கள் நான்கு துப்பாக்கிகளின் வாயிலேயே வந்து விழுந்தனர். மே 29 அன்று ஓர் அணி மட்டும் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது, மெய்யான எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று பிற்கால ஆய்வாளர்கள் கழித்துவிட்டாலும். விவரம் புரிந்ததும் எதிரிகள் முன்னாலும் கீழிருந்தும் வரத் தொடங்கினர். பேரிழப்புக்குப் பின் ஆகஸ்டு இறுதியில் அவ்வணி பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு, இரவுக் காவலுக்கு மாற்றப்பட்டது.

அவ்வணியின் பெயரே இங்கு கருதத்தக்கது: 264ஆம் மெட்ராஸ் பிரசிடென்சி அணி. போர்க்காலத்தில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் முயற்சியால் திரண்ட போர்நிதியை மதித்து, 79, 234, 264 ஆகிய மூன்று அணிகளுக்கு மாகாணத்தின் பெயர் சூட்டப்பட்டது. நன்கொடை வழங்குவோர்க்காக ஒரு ஸ்பிட்ஃபயருக்குக் குறிக்கப்பட்ட விலை 5,000 பவுண்டு. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்றிருந்த அன்றைய மாற்று வீதத்தில் அது 66,000 ரூபாயைத் தாண்டும். பசியாவரமும் பழவேற்காடும் அம்மாகாணத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையாதலால், ஏரிக்கரையின் காசும் ஓரணா ஈரணாவாக அதில் கலந்திருக்கக் கூடும். பணத்தைக் கொடுத்த தலைமுறை விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை. பேரன் தலைமுறையோ மீண்டும் பணம் கட்டி வாங்குவதோடு, தானே ஒட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

செய்முறை பின்வருமாறு. பெட்டிக்குள் விமானம் இராது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சட்டங்களில் உறுப்புகள் காம்பு காம்பாகத் தொங்கும். இச்சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். உறுப்புகளைச் சிறு வெட்டுக்கருவியால் நறுக்கி, காம்பின் தழும்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிய பின், பசை இடப்படுகிறது. இப்பசை வெறுமனே ஒட்டுவதன்று, இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்குவது. ஓட்டுபவரின் அறையே முதலில் முடிக்கப்படும். இருக்கை, வார்கள், மானிகள் எல்லாம் தீட்டப்பட்டபின் உடலின் இரு பாதிகளும் மூடப்படுவதால், மிகுந்த உழைப்பைப் பெற்ற பகுதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமற்போகும். பைபர் போட்டின் விரிசலில் ரெசின் பூசித் தேய்ப்பதைப் போலவே இணைப்பின் இடைவெளியில் மக்கு இட்டுத் தேய்க்கப்படுகிறது. மருமகன் அறிந்து வந்த ஒரே தொழில்நுட்பம் இங்குதான் உதவியது. கூண்டின் கண்ணாடிகளுக்குத் தனித்தனியாக நாடா ஒட்டி, மண்நிறமும் கரும்பச்சையும் தெளித்து, நீரில் நனைத்து வழுக்கி ஒட்டப்படும் டீக்கால் என்னும் மெல்லிய படத்தால் அணியின் அடையாளமான பி.எஸ். எழுத்துகளைப் பதித்தால் விமானம் புத்தம் புதிதாக மின்னும். உடனே அதன்மீது எண்ணெய்க் கறையும் புகைக்கரியும் தடவி அழுக்காக்க வேண்டும். இதற்கெனத் தனித்தனிப் புட்டிகள் விலைக்குக் கிடைக்கின்றன. உப்புக்காற்று இதே பணியை இலவசமாகச் செய்யும் ஊரிலிருந்து வந்தவன் அவற்றைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்ததுதான் புலம்பெயர்வின் உண்மையான துயரம்.

பயன்களுள் முதன்மையானது மனிதப் பழக்கம். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று எவரும் கேட்காத இந்நாட்டில், ஆண்டுதோறும் அருகிலுள்ள டெல்ஃபர்டில் கூடும் மாதிரிக் கலைஞர்களின் கண்காட்சியில் மட்டும், முன்பின் அறியாத முதியவர்கள் நெருங்கி வந்து, பச்சை எந்தப் பச்சை என்று நெடுநேரம் விசாரிக்கின்றனர். முழு உருவில் எஞ்சியுள்ள ஒரே டிஃபையன்ட் அரச விமானப்படை அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது; அது போலந்து வீரர்களின் 307ஆம் அணிக்குரியது, நம் மாகாணத்தினுடையது அன்று. அக்குறையை நீக்கும் பொறுப்பு மருமகனின் மேசைக்கு வந்துள்ளது.

நீரில் இறங்கத் தெரியாத விமானத்தால் ஏரிக்கரைக்கு என்ன லாபம் என்று மாமா கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரியில் 240ஆம் அணியின் கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் தங்கியிருந்தன. அடுத்து அதையே கட்டுவதாக உத்தேசம். அதன் இறக்கை விரிவு 104 அடி; 1:72 விகிதத்திலும் 17 அங்குலத்தைத் தாண்டுவதால், பசியாவரம் வீட்டில் வலை தொங்கும் விட்டத்தில் ஓரிடம் ஒதுக்கித் தருமாறு அத்தையிடம் மாமாவே பேச வேண்டும்.

பெண் வீட்டார் விசாரித்தால், பிள்ளை போல்டன் பால் தொழிற்சாலை இருந்த ஊரில் போர் விமானம் கட்டுகிறான் என்று தயங்காமல் சொல்லலாம்; அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அளவை மட்டும், அவர்களாகக் கேட்டாலொழிய, சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மருமகன்