நாற்பது சதவிகிதம்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியாராக இருந்து, பித்தளைச் செம்பையும் பூசணிக்காயையும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஓய்வூதியத்தோடு வீடு வந்து சேர்ந்த ஒருவன், மிச்சமுள்ள ஆயுளில் தன் மனத்துக்குகந்த காட்சிகளை நீர்வர்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தால், அதனால் உலகத்துக்கு யாதொரு ஹானியும் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால், தீட்டிய படங்களை எங்கே வைப்பது? கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் நிறைந்து, ரேழி நிறைந்து, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு கட்டுப் படங்கள் குடியேறிய அன்று, “ஒன்று, இதுகளை விற்கிற வழியைப் பாருங்கள், இல்லாவிட்டால் அரிசியை விற்கிற வழியைப் பாருங்கள்” என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாமென்றும், இன்டர்நெட்டிலேயே ஓவியர்களுக்கென்று கடைத்தெருக்கள் இருக்கின்றனவென்றும், எந்தத் தெருவில் கடை போடுவது என்று தீர்மானித்தால் போதுமென்றும் அபயம் அளித்தாள். அந்தத் தீர்மானத்துக்கு இரண்டரை மாதம் பிடித்தது. அந்த இரண்டரை மாதமும் நான் தூரிகையைத் தொடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் பார்த்தது எட்ஸி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2005-இல் தொடங்கிய சந்தை அது. ஒரு படத்தை மாட்டி வைக்க 20 சென்ட். நான்கு மாதத்துக்குள் போகாவிட்டால், இன்னும் தொங்கவிட மறுபடி 20 சென்ட். விற்றுவிட்டாலோ, தபால் செலவையும் சேர்த்த தொகையில் 6.5 சதவிகிதம், பணம் கைமாறுவதற்குத் தனிக் கட்டணம். அடுத்தது சாச்சி ஆர்ட். அங்கே விற்றால் 40 சதவிகிதம் அவர்களுக்கு. நூறு ரூபாய்ப் படத்தில் அறுபது ரூபாய் எனக்கு, நாற்பது ரூபாய் சுவருக்கு என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது, “வெறும் சுவருக்கே நாற்பதா! உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவளுக்கு எவ்வளவு?” என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். இந்தத் தளங்களில் துண்டுக்குப் பதிலாக ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில் எத்தனை விரல் என்று தடவிக் கண்டுபிடிக்க, பேத்தியின் இளங்கண்ணும் என் பூதக்கண்ணாடியும் சேர்ந்து இரண்டு நாள் பிரயாசைப்பட்டன.

மூன்றாவது வர்க்கம் ஒன்று உண்டு. 2006-இல் மெல்போர்னில் பிறந்த ரெட்பபிளைப் போன்றவை அதில் சேர்த்தி. அசல் படம் நம்மிடமே இருக்கும்; அதன் பிரதியை அவர்களே பண்டங்களில் அச்சிட்டு விற்று, நம் பங்கைக் கொடுப்பார்கள். ராஜா ரவிவர்மாவே 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பியும் லாபம் காணாமல், முடிவில் அதை விற்றுவிட்ட கதையை எடுத்துச் சொன்னேன். “அவர் முன்னாலேயே அடித்துக் குவிக்க வேண்டியிருந்தது தாத்தா, இவர்கள் ஆர்டர் வந்த பிறகு ஒன்று அடிப்பார்கள்” என்றாள். சரி என்று, அந்த வர்க்கத்தில் நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தளத்தில் என் பிள்ளையார் படத்தை ஏற்றினோம். மறுகணமே அது எந்தெந்த ரூபத்தில் விற்பனைக்கு வரும் என்று வரிசையாகக் காட்டினார்கள்: கோப்பையில் பிள்ளையார், தலையணையில் பிள்ளையார், குளியலறைத் திரையில் பிள்ளையார், வாசல் மிதியடியில் பிள்ளையார். மிதியடியைக் கண்டதும் என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டாத பண்டங்களை நீக்கிவிடலாம் என்று சமாதானம் சொன்ன பேத்தி, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தாள். காலுறை மட்டும் எத்தனை முறை நீக்கினாலும் திரும்பி வந்தது. அன்று சதுர்த்தி வேறு. கடையை அப்போதே மூடினோம்.

கடைசியில் எட்ஸியிலேயே மகாமகக் குளத்தை வைப்பதென்று முடிவாயிற்று. கரையைச் சுற்றிய பதினாறு மண்டபங்களில் ஒன்றை முன்னால் நிறுத்தி, அந்தி வெயிலில் தண்ணீரைச் சுத்த நீலமாகத் தீட்டிய படம் அது. “குளத்துத் தண்ணீர் பச்சையாக அல்லவா இருக்கும்?” என்று என் மனைவி அன்றே ஆட்சேபித்தாள், கலைஞனுடைய தரிசனம் வேறு என்று விளக்கியிருந்தேன். திண்ணை வெளிச்சத்தில் அதைப் புகைப்படம் எடுத்த பிறகு, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்படி பதின்மூன்று குறிச்சொற்கள் வேண்டுமென்றார்கள். ஒவ்வொன்றும் இருபது எழுத்துக்குள். நான் ‘குளம்’, ‘மண்டபம்’, ‘அந்தி’ என்று சொல்லிவிட்டு, நான்காவதுக்கு ‘நிச்சலனம்’ என்றேன். பேத்தி அதைத் தட்டவில்லை. ‘சுவர் அலங்காரம்’, ‘அம்மாவுக்குப் பரிசு’, ‘போஹோ’ என்று தானே ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போனாள்.

“போஹோ என்றால் என்ன அம்மா?”

“எனக்கும் சரியாகத் தெரியாது தாத்தா. ஆனால் விற்கிறது.”

நான்கு மாதம் ஆகி, இரண்டாவது 20 சென்ட்டும் கட்டி, நான் அந்தக் கடையை மறந்தே போயிருந்த ஒரு நாள், கனடாவிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். படம் அற்புதமாம், மண்டபம் மனத்தை விட்டு அகலவில்லையாம், ஆனால் அவருடைய சோபா பச்சை நிறமாம், தண்ணீரை மட்டும் பச்சையாக்கி இன்னொன்று வரைந்து தரமுடியுமா என்று வினயமாகக் கேட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. ஒரு சோபாவின் சௌகரியத்துக்காகப் புண்ணிய தீர்த்தத்தின் வர்ணத்தை மாற்றுவதா? பேத்தி போனில் சிரித்தாளே தவிர, அபிப்பிராயம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் காய்கறி வாங்கப் போகும் வழியில், என் மனைவி என்னைக் குளத்துப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். கூட்டமில்லை, வெயில் நான் தீட்டியபடியே மண்டபத்தில் சாய்ந்திருந்தது, தண்ணீர், சந்தேகத்துக்கு இடமேயில்லாமல், பாசிப் பச்சையாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் பச்சையைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், டபராவை அருகில் வைத்துவிட்டு, அந்தப் படத்துக்கு என்ன விலை என்று சாவதானமாக விசாரித்தாள். சொன்னேன்.

“அதில் நாற்பது சதவிகிதம் எனக்கு” என்றாள்.