ஸ்க்ரோல் சிகாமணி

நாயுடுபேட்டையில், கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரிகிற பக்கமாக, மதியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவரைப் பார்க்கலாம். வலது கை பப்பு சாதம் பிசையும். இடது கட்டைவிரல் போனை மேலும் கீழும் விசிறித் தள்ளும். சினிமாச் செய்தி பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஐபோன் ஆப் எழுதுகிறவர். தான் எழுதிய லிஸ்ட் எப்போது செத்து விழும் என்று காத்திருக்கிறார்.

விழுந்தால் முகம் மலரும். "கிராஷ் ஆயிடுச்சுண்ணா!" தேடும்போது தலைகாட்டாத கிராஷ், மேனேஜருக்குக் காட்டும்போதுதான் வரும் என்பது அவர் பட்ட பாடு.

கல்யாணப் படம் பாருங்கள் என்று சொந்தக்காரர்கள் போனை நீட்டினால் மணப்பெண்ணைப் பார்க்க மாட்டார். ஒரே விசிறலில் கடைசிப் படம்வரை போய், "சிக்காம ஓடுது" என்று ஆசீர்வதிப்பார். ஊர் 2022-இல் திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டதே, எங்காவது பலகையில் இன்னும் நெல்லூர் மாவட்டம் என்றிருந்தால், "பழைய டேட்டாவைத் துடைக்கல" என்று பொருமுவார்.

"ஏன் தம்பி லிஸ்ட் சாகுது?" என்று கேட்டுவிட்டேன். கடையையே காட்டினார்.

"லிஸ்ட்ல ஆயிரம் பேர் இருந்தாலும் திரையில தெரியறது பத்துப் பேர். ஆயிரம் மேசை எதுக்கு? எழுந்து போறவர் இடத்துல அடுத்தவர். இலையை எடுக்காம உட்கார வெச்சா, முந்தினவர் தயிர் இவர் முன்னாடி."

ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் படம் தெரிவது அப்படித்தானாம். எழுந்து போனவருக்கு ரசம் கொண்டுவந்து காலி நாற்காலியில் ஊற்றினால் கிராஷ். இதைப் பிடிக்கவே ஆப்பிள் கருவிகளில் 'ஜாம்பி' என்றொரு வசதி உண்டு. செத்த பொருளை அப்புறப்படுத்தாமல் நாற்காலியில் சாய்த்து வைத்தால், ரசத்தோடு வருகிறவர் கையும் வாளியுமாக மாட்டிக்கொள்வார்.

2011-இல் ஏ.ஆர்.சி. என்ற தானியங்கிக் கணக்குப்பிள்ளை வரும்வரை, நினைவகத்தில் எந்தப் பொருளை யார் பிடித்தார், யார் விட்டார் என்ற கணக்கைக் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. இப்போது கம்பைலரே எழுதிவிடுகிறது. "ஆனாலும் ரெண்டு பேர் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, பில் நான்தான் குடுப்பேன்னு உட்கார்ந்துட்டா மேசை காலியாகாதுண்ணா. ஒருத்தர் பிடியாவது 'வீக்'கா இருக்கணும்."

அடுத்து படங்கள். 12 மெகாபிக்சல் படம், கோப்பில் சில எம்.பி.தான்; திரைக்காக முழுசாக விரித்தால் 48 எம்.பி. நகம் அளவு படம் காட்ட அவ்வளவையும் விரித்தால் போன் முதலில் எச்சரிக்கும். கேட்காவிட்டால் ஆப்பையே தூக்கி எறியும்.

"பாபு, பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க" என்றார் சர்வர், எங்கள் மேசையில் ஈரத்துணியைப் போட்டபடி.

எச்சரிக்கைக்கு அடுத்தது என்னவென்று தெரிந்தவராயிற்றே, சட்டென்று எழுந்துவிட்டார். பில்லை மட்டும் கடைசிவரை 'வீக்'காகவே பிடித்திருந்தார், நான்தான் கொடுத்தேன்.