தள்ளுசன்னல் வைபவம்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது ஓடுகளைப் பறிகொடுத்தும் சன்னல்களைப் பறிகொடாத சுத்துக்கேணி வீடொன்றுக்கு, வாடைச்சாரல் அடிக்கும் வடக்குச் சுவரில் தகரம் போர்த்தியது போதாதென்று, யூபிவிசி சன்னலும் வைத்தே தீரவேண்டும் என்ற ஞானோதயம் அண்மையில் உண்டாயிற்று. கம்பி பாய்ச்சிய பழைய மரச்சன்னல் செய்த ஒரே அபராதம், அது முழுவதும் திறந்துகொண்டதுதான். புதியதோ, ஒரு கதவு மற்றொன்றின் பின்னே ஒளிவதால், பாதிக் காற்றுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கழற்றிய சன்னல் மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று, மாடுகளுக்குச் சௌக்கியம்.

அளவெடுக்க வந்தவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, "சொவருதாங்க கோணல்" என்று தீர்ப்பளித்தார். சன்னல் தலைக்கு மேலே ஒரு மடிப்புத் தகட்டை வைத்து, அதன் மேல்விளிம்பை மேல் தகரத்துக்கு அடியில் செருகி, கீழ்விளிம்பைச் சட்டத்துக்கு வெளியே நீட்டிவிட்டால், மழைநீர் தன் சுபாவப்படி வெளியே சொட்டிவிடும். ஆனால் அதற்குத் தகரத்தின் திருகாணிகளைக் கழற்ற வேண்டுமே! ஆகவே, சர்வரோக நிவாரணியான சிலிக்கோன் பசையை இண்டு இடுக்கெல்லாம் அப்பினார்; அந்த உற்சாகத்தில், கீழ்ச்சட்டத்தில் தேங்கும் நீர் வடிவதற்கென்றே வைத்திருந்த துளைகளும் அடைபட்டன.

ஐப்பசி மழையில் கீழ்ச்சட்டம் வாய்க்காலாய் நிரம்பி, கட்டிலில் படுத்திருந்த ஆயாவை நனைத்தது. தொலைபேசியில் முறையிட்டதற்கு, "இன்னொரு டியூப் வாங்கி வையுங்க, வந்துடறேன்" என்றார்.