பரங்கிக்காய் ருது

பியோரியா, இல்லினாய்
புரட்டாசி மாதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்களுடைய க்ஷேமத்துக்கும் சித்தியினுடைய முழங்கால் வலியின் நிலவரத்துக்கும் எழுதக் கோருகிறேன்.

இந்தத் தேசத்தில் ருதுக்களை நிர்ணயிக்கும் அதிகாரம் சூரிய பகவானிடமிருந்து பறிக்கப்பட்டுக் காப்பிக் கடைக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இவர்களுடைய பஞ்சாங்கப்படி இலையுதிர்காலம் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதிதான் பிறக்க வேண்டும். ஆனால் ஆகஸ்டு மாதத்தின் பின்பாதியில், நம் ஊர் ஆனி மாதத்து வெயிலுக்குச் சற்றும் இளைக்காத வெயில் காய்ந்துகொண்டிருக்க, வயல்களிலே மக்காச்சோளம் இன்னும் பச்சை மாறாமல் நின்றுகொண்டிருக்க, ஸ்டார்பக்ஸ் கடைகளின் வாசலில் 'பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே', அதாவது பரங்கிக்காய் மசாலாக் காப்பி, வந்துவிட்டது என்று செம்மஞ்சள் நிறப் பலகை ஒன்று முளைத்துவிடுகிறது. அது முளைத்த க்ஷணம் முதல் வேனிற்காலம் காலகதி அடைந்ததாகவே பாவித்து, ஜனங்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கம்பளிச் சட்டை மாட்டிக்கொள்கிறார்கள்.

தாங்கள் மளிகைக் கடைக்காரராகையால் இந்த மசாலாவின் சரக்கு விவரத்தை முதலில் சொல்லிவிடுவதே மரியாதை. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகிய நான்கையும் பொடித்துக் கலந்தால் தீர்ந்தது. சிலர் மேற்கொண்டு ஜமைக்கா மிளகும் சேர்ப்பதுண்டு. அந்தக் கடைசிச் சரக்கைத் தவிர மற்ற யாவும் பட்டமங்கலத் தெருக் கடையில் தங்கள் தலைக்கு மேலுள்ள டப்பாக்களில் எந்த நேரமும் இருப்பவை. இங்கே இவற்றைக் கலந்து, ஒரு அவுன்சுக்குச் சற்று மிகுதியாக ஒரு சிறு புட்டியில் அடைத்து, ஏறக்குறைய ஐந்து டாலர் விலை வைத்திருக்கிறார்கள். சித்தி இந்த இடத்தில் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். போட வேண்டாம், ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

பொடியிலே பரங்கிக்காய் எங்கே என்று தாங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொடியில் பரங்கிக்காய் இல்லை. நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையன்று நன்றி நவிலும் பண்டிகை கொண்டாடுகிறார்களே, அன்று மாவுத் தட்டொன்றில் பரங்கிக்காய் விழுதும் பாலும் முட்டையும் சர்க்கரையும் ஊற்றிச் சுடுகிற பலகாரத்துக்கு வாசனை ஏற்றுவதற்காக ஏற்பட்ட பொடி இது. அந்தப் பலகாரம் புராதனமானது. 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்னும் அம்மாள் எழுதிய சமையல் புஸ்தகத்திலேயே பரங்கிக்காய்க்கு ஜாதிக்காயும் இஞ்சியும் ஜாதிபத்திரியும் சேர்க்கும் விதம் இருக்கிறது. 1934-இல் மெக்கார்மிக் கம்பெனியார், இல்லத்தரசிகள் உரலும் உலக்கையும் தேட வேண்டியதில்லை என்று, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கலந்து விற்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு எழுபது வருஷ காலம் அந்த டப்பா, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் அலமாரியின் மூலையில் யோக நித்திரை செய்துகொண்டிருந்தது.

அதைத் தட்டியெழுப்பியவர்கள் சியாட்டில் நகரத்து ஸ்டார்பக்ஸ் காப்பி நிபுணர்கள். வாடிக்கையாளர்களுக்கு எந்த ருசி வேண்டும் என்று விசாரித்தபோது சாக்லேட்டும் காரமெலுமே முன்னணியில் நின்றனவாம். பரங்கிக்காயைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. ஆயினும் பீட்டர் டியூக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், இது வேறெங்கும் கிடைக்காத ருசி என்ற ஒரே நியாயத்தைப் பற்றிக்கொண்டு, பலகாரத்தில் ஒரு விள்ளலும் கடுங்காப்பியில் ஒரு வாயுமாக மாற்றி மாற்றி உண்டு பார்த்து, 2003-இல் வாஷிங்டனிலும் வான்கூவரிலும் சில கடைகளில் பரீட்சார்த்தமாக விற்றுப் பார்த்தார்கள். மறு வருஷமே அது தேசமெங்கும் பரவிவிட்டது. பானத்திலும் அப்போது பரங்கிக்காய் இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அது 2015-ஆம் வருஷம் வரையில் வாசனையை மட்டுமே நம்பி ஜீவனம் செய்தது.

ஜாதிக்காயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாண்டாத் தீவுகளில் ரன் என்றொரு துணுக்குத் தீவு, ஜாதிக்காய் விளையும் ஒரே காரணத்தால் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நெடுநாள் சண்டையிட்ட இடம். 1667-இல் பிரெடா உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் அந்தத் தீவைத் தமக்கென வைத்துக்கொண்டு, ஆங்கிலேயர் பிடித்திருந்த மன்ஹாட்டனை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கு அந்த மன்ஹாட்டனில் காலை வேளையில் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள், கையிலே ஜாதிக்காய் மணக்கும் காகிதக் கோப்பையோடு ஓடுகிறார்கள். டச்சுக்காரருடைய வியாபார புத்தியைக் குறைவாக மதிப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் வசிக்கும் பியோரியாவுக்கு மிக அருகில் மார்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. உலகத்தின் பரங்கிக்காய்த் தலைநகரம் என்று அது தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டிருப்பதில் நியாயம் உண்டு. அமெரிக்கர்கள் தகர டப்பாவில் வாங்கும் பரங்கிக்காய் விழுதின் பெரும் பகுதி அங்குள்ள லிபீஸ் தொழிற்சாலையில்தான் அரைபடுகிறது. அந்த விழுதுக்கு உரிய காய், படங்களில் காணும் உருண்டையான செம்மஞ்சள் காய் அல்ல. டிக்கின்சன் என்ற, நீள்வாட்டான, தவிட்டு நிறக் காய். தாவர சாஸ்திரப்படி நம் கொல்லைப் பரங்கிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் அல்ல, உடன்பிறந்தவனே. செம்மஞ்சள் காய்களைக் குடைந்து, கண்ணும் கோரைப்பல்லும் வைத்து, உள்ளே விளக்கேற்றி வீட்டு வாசலில் உட்கார்த்துகிறார்கள். புது வீட்டு முகப்பிலே நாம் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணியைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தத் தெரு முழுவதற்கும் யார் கண் பட்டுவிட்டதோ என்று முதலில் கவலையாயிருந்தது.

ஆனால் நான் எழுத வந்த விஷயம் இந்தப் பானத்தின் ருசியன்று, இதைச் சுற்றி நடக்கும் பரிகாசம். ஒரு பண்டத்தை ஒரு தேசமே வருஷா வருஷம் கேலி செய்வதும், கேலி செய்துகொண்டே அதை வாங்குவதும் நான் வேறெங்கும் கண்டதில்லை. 2014-இல் ஜான் ஆலிவர் என்ற ஹாஸ்ய நிபுணர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, பரங்கிக்காயே இல்லாத பரங்கிக்காய்க் காப்பியை வெளுத்து வாங்கினார். மறு வருஷம் கம்பெனியார் அதில் மெய்யாகவே கொஞ்சம் விழுதைச் சேர்த்தார்கள். சேர்த்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. செய்தியைப் படித்தவர்கள் ருசி பார்க்கக் கிளம்பினார்கள். பன்றி இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்பாம் கம்பெனியார் (சித்தியிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்) 2017-இல் வெறும் தமாஷுக்காகப் பரங்கிக்காய் மசாலா ஸ்பாம் என்று ஒரு பிரஸ்தாபம் செய்தார்கள். ஊரே சிரித்தது. 2019-இல் அதையே உண்மையாகத் தயாரித்து விற்பனைக்கு விட்டபோது, சில மணி நேரத்துக்குள் ஒரு டப்பா மிச்சமில்லாமல் தீர்ந்துபோயிற்று. 2021-இல் கப் நூடுல்சும் அந்த வாசனையில் வந்துவிட்டது. அடுத்தது என்ன என்று ஒருவரும் வேடிக்கையாகச் சொல்லத் துணிவதில்லை; சொன்னால் மறு வருஷம் அது அலமாரியில் இருக்கும்.

பால்டிமோர் நகரத்தில் 2017 அக்டோபரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இனந்தெரியாத நெடி கிளம்பி, பிள்ளைகளை வெளியேற்றி, சிலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, விஷவாயு நிபுணர்கள் கவசமணிந்து உள்ளே போய்ச் சோதித்ததில், சுவரில் செருகியிருந்த பரங்கிக்காய் மசாலா வாசனைக் கருவியொன்று அகப்பட்டது. இதற்கும் தேசம் சிரித்தது. அந்த வாரம் வாசனைக் கருவி எத்தனை விற்றது என்பதை யாரும் சொல்லவில்லை. குறைந்திருக்கும் என்று நான் நம்பத் தயாராயில்லை.

இந்தப் பரிகாசத்தில் ஒரு பகுதி எனக்குப் பிடிப்பதில்லை. இளம்பெண்கள் விரும்பிக் குடிப்பது என்ற காரணத்தாலேயே இதை அற்ப ருசி என்று ஏளனம் செய்கிற ஆண்பிள்ளைகள் ஏராளம். அவர்கள் குடிக்கும் பீரிலும் இதே பட்டையையும் கிராம்பையும் போட்டுத்தான் அக்டோபர் மாதத்தில் விற்கிறார்கள். அதை மட்டும் ரசனை என்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வியாபாரிகளுக்கு நான் தலைவணங்குகிறேன். பன்னிரண்டு மாதமும் விற்கக்கூடிய சரக்கை, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் விற்க மறுக்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் கடைகளில் புதினா மிட்டாய் வாசனை தலைதூக்குகிறது; நன்றி நவிலும் பண்டிகைக்கு அப்புறம் பரங்கிக்காயின் அடையாளங்கள் ஒன்றொன்றாக மறைகின்றன. தையும் மாசியும் யாரும் அதை நினைப்பதில்லை. ஆடி பிறந்தால் 'எப்போது வருகிறது' என்ற பேச்சும், 'ஐயோ, மறுபடியுமா' என்ற அலுப்பும் ஒன்றாகவே தொடங்கிவிடுகின்றன.

கடையில் இதைப் போல் ஏதாவது பொடி கலந்து விற்கலாமா என்று போன கடிதத்தில் யோசனை கேட்டிருந்தீர்கள். தாராளமாக விற்கலாம். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கடைவீதியில் எந்தப் புதுச் சரக்கைக் கண்டாலும் நாள் முழுதும் நையாண்டி செய்கிற ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவராவது இருப்பார்; முதல் பொட்டலத்தை அவருக்கு இனாமாகக் கொடுங்கள். அவர் வாயைத் திறந்த பிறகு, கையிருப்பை மட்டும் எனக்கு எழுதுங்கள். ஜாதிக்காய் போதாவிட்டால் பொள்ளாச்சியில் சொல்லி வைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மகன்