முன்சில்லு மீமாஞ்சை

உயிரின் இயல்பு, உலகின் தோற்றம், சொல்லின் இலக்கணம் ஆகிய அனைத்தையும் அலசிப் பார்த்த நம் பெரியோர், பழைய பிக்கப் ஒன்றின் முன்சில்லுகள் ஏன் துள்ளுகின்றன, அத்துள்ளலை அடக்கப் புதிய உறுப்பைப் பூட்டுவதா பழைய உறுப்புக்கே பணிவிடை செய்வதா என்னும் வினாவை மட்டும் யாது காரணத்தாலோ விட்டுவிட்டமையின், அக்குறையை நீக்க இக்கட்டுரை துணிகின்றது. ஆராய்ச்சிக்கு ஒரு நிலைக்களன் வேண்டுமாதலின் நாரந்தனையையும், ஒரு பொருள் வேண்டுமாதலின் அவ்வூரிலே கிடுகுக் கட்டும் புகையிலைச் சிப்பமும் ஏற்றுகின்ற மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றையும் கற்பித்துக்கொள்வோம். அதன் உடையவரை, பொதுமை கருதி, அண்ணை என்றே வழங்குவோம்.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியிலே அவதரித்தது. அதனைப் படைத்தவர், சிமிர்னா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ். உருவம் ஒடுக்கமாய் இருக்கின்றதென்று தோன்றவே, மாதிரி வண்டியை நடுவாலே இரு கூறாக அரிந்து, நான்கு அங்குலம் அகற்றிவைத்துப் பார்த்துத் திருப்தியுற்றவர் அவர். (கம்பனித் தலைவர் நஃபீல்ட் பிரபுவோ அதனை வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டைக்கு ஒப்பிட்டார், பிரபுக்களின் ரசனை அத்தகையது.) பிக்கப் 1953இல் தோன்றி 1971 வரை வெளிவந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கைக்குள் மோட்டார் வாகனம் வருவது அருகிப்போகவே, முன்னமே வந்தவை சிரஞ்சீவிகளாயின. 1990க்குப் பின், பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மண்ணெண்ணெய் குடித்து ஓடிய எஞ்சின்களின் தவத்தை வியப்போர் பலர். அதே வண்டிகளின் முன்சில்லுகள் செய்த தவத்தை வியந்தார் ஒருவரையும் யாம் கண்டிலேம்.

இனிப் பிரமாணம். சைவ நூலார் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் இங்கே பொருந்தும். மட்கார்ட்டை அமுக்கி விட்டவுடன் வண்டி ஒருமுறை எழுந்து அடங்காது பலமுறை தலையாட்டுமாயின் அது காண்டல். ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பது கண்டு, புகையால் நெருப்பை அனுமானித்த முன்னோர் வழியில், உள்ளே ஏதோ குந்திவிட்டது என்றுணர்தல் கருதல். ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியிற் சொல்வது உரை. மூன்றனுள்ளும் வலிமை குன்றியது இதுவே எனினும், வழக்கிலே அதுவே வெல்லும்.

பூர்வபட்சம் பட்டறையிலே பிறக்கின்றது. "அண்ணை, சொக் போயிட்டுது. புதுசு ரெலெஸ்கோப்பிக் போட்டியளெண்டால் பஞ்சு மாதிரிப் போகும். வெளிநாட்டிலையிருந்து ஒரு செற் எடுப்பியுங்கோ." இவ்வாதத்தைத் தீர விசாரிப்பது ஆராய்ச்சியாளன் கடன்.

மைனரின் முன்புறத்திலே சுருள் ஸ்பிறிங்கும் இல்லை, பட்டை ஸ்பிறிங்கும் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக நெடுக்கே கிடக்கும் உருக்குக் கம்பியின் ஒரு முனை சட்டத்திலே இறுகியிருக்க, மறுமுனை சில்லைத் தாங்கும் கீழ்க்கையோடு பிணைந்திருப்பதால், சில்லு குழியில் விழும்போதும் மேட்டில் ஏறும்போதும் கம்பி முறுகி முறுகி மீள்கின்றது. வலப்பக்கத்தில் உழைத்த கம்பியை இடப்பக்கத்திற் பூட்டலாகாது. முறுக்கேறிய திசையை உருக்கு மறப்பதில்லை. துள்ளலை அடக்குவதோ, ஒயில் நிரம்பிய பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாகிய பழைய பாணிச் சொக்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கின்றது. அந்தச் சொக்கின் கையே சில்லை மேலே தாங்கும் கையுமாகும். ஆகவே, அண்ணை எவ்வளவு பணம் அனுப்பிப் புதிய ரெலெஸ்கோப்பிக்கைத் தருவித்துப் பூட்டினாலும் பழையதைக் கழற்றி எறிய இயலாது. ஓய்வுபெற்ற பின்னும் கோயிற் பரிபாலன சபையிலே ஆசனம் விடாத தலைமையாசிரியரைப்போல, துள்ளலை அடக்கும் வேலையைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு அது தன் இடத்திலேயே வீற்றிருக்கும். மேற்கை கீழ்க்கை அனைத்தையும் மாற்றுவதே முழு முத்தி என்பாரும் உளர். அவர்தம் மதம் செலவு மிகுதியால் நாரந்தனைக்கு ஏலாதென விடுக்க.

எம் சித்தாந்தம் வேறு. சில்லைத் திருப்பும் நிலைத்தண்டு மேலும் கீழும் புரிவெட்டப்பட்டு, துரணியன் என்னும் மூட்டுகளுக்குள்ளே மரையாணிபோல் ஏறியிருக்கின்றது. கிறீஸ் வற்றினால் புரி தேயும்; புரி தேய்ந்தால் ஒருநாள் கீழ்மூட்டுக் கழன்று, சில்லு பக்கவாட்டிலே மடிந்து, பிக்கப் மூக்குக்குப்புற மண்டியிடும். சொக் போனால் முதுகுதான் நோகும்; துரணியன் போனாலோ, நாரந்தனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள பண்ணைத் தாம்போதியில் இருபுறமும் கடலே. எனவே கிறீஸ் முந்தியது, ரெலெஸ்கோப்பிக் பிந்தியது. இம்முறையை மாற்றுவது வழு.

மைனர் வைத்திருக்கும் அன்பர்காள், பணம் அனுப்புமுன் முன்புறத்தை ஜாக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துரணியனில் ஆட்டம் இருந்தால் அதனை மாற்றுங்கள். இல்லையேல், பாரம் இறங்கிய அந்நிலையிலேயே, பக்கத்துக்கு இரண்டாக உள்ள கிறீஸ் நிப்பிள்களில் பழைய கிறீஸ் வெளியே பிதுங்குமட்டும் அடியுங்கள்.